பட்டவராயன் சாகாத உலகம்

அன்புள்ள அக்கா,

எனக்கு விக்கிரமசிங்கபுரம். பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் ஐந்து பேர் கூட்டாளிகள். சூப்பர்ஹீரோ படம் எது வந்தாலும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப்போய் முதல் நாளே பார்த்துவிடுவோம். அப்புறம் ஆறு மாதத்துக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. 2023இல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தைப் பற்றிய சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. எந்த உலகத்து ஸ்பைடர்மேனாக இருந்தாலும் அவனுக்குச் சில இழப்புகள் நடந்தே தீர வேண்டும், தடுத்தால் அந்த உலகமே அழிந்துவிடும் என்கிறான் இன்னொரு உலகத்து ஸ்பைடர்மேனான மிகேல். தன் அப்பாவைச் சாகவிட மாட்டேன் என்று கதாநாயகன் மைல்ஸ் ஓடுகிறான். க்வென் என்ற ஸ்பைடர் பெண்ணின் அப்பாவும் அந்த விதிப்படி சாக வேண்டிய போலீஸ்காரர், அவர் வேலையையே விட்டுவிடுகிறாரே, அப்படியானால் மிகேல் சொல்லும் விதி பொய்தானே என்பது என் கட்சி. எங்களில் ஒருவன் உடனே குவாண்டம் பிசிக்ஸ் என்று ஆரம்பித்துவிடுவான்.

மைல்ஸ் செய்தது சரியா? இத்தனை உலகங்களில் எது அசல்? இப்படி உட்கார்ந்து ஊகம் பண்ணிக்கொண்டிருப்பது வெட்டி வேலை என்று மாமா திட்டுகிறார், அது உண்மையா? ஒரு வருத்தமும் உண்டு. நம்ம ஊர்க் கதைகளில் இந்த மாதிரி ஒன்றும் கிடையாது. ஒரே கதை, ஒரே முடிவு. கேட்டோமா, கும்பிட்டோமா, வந்தோமா என்று இருக்க வேண்டியதுதான்.

மு.

அன்புள்ள தம்பி,

மாமா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐந்து பேர் ஆறு மாதம் ஒரு கதையை விடாமல் பேசினால் அது கதைக்கும் நல்லது, கூட்டாளிகளுக்கும் நல்லது. 2021இல் வாண்டாவிஷன் தொடரில் பழைய எக்ஸ்மென் படத்து நடிகர் வாசலில் வந்து நின்றதும், இரண்டு உலகங்களுக்கும் நடுவே கதவு திறந்துவிட்டது என்று உலகம் பூரா ரசிகர்கள் கதை கட்டினார்கள். கடைசியில் அவன் அந்த ஊர்க்காரன் ரால்ஃப் என்று முடித்துவிட்டார்கள். ரசிகர்கள் கட்டிய கதை எடுத்தவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. ஏமாந்தவர்கள்மேல் எனக்குப் பரிவுதான்.

எது அசல் என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. 616, 199999 என்று பூமிகளுக்கு எண் போட்டு அடித்துக்கொள்வது சர்வே நம்பர் தகராறு. 2019 அவெஞ்சர்ஸ் படத்தின் முடிவில் கிழவனாகி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஸ்டீவ், அதாவது கேப்டன் அமெரிக்கா, எந்த உலகத்தில் வாழ்ந்துவிட்டு வந்தான் என்பதற்கு, இயக்கியவர்கள் ஒரு பதில் சொன்னார்கள், எழுதியவர்கள் வேறு பதில் சொன்னார்கள். எடுத்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. உங்கள் குவாண்டம் நண்பரிடமும் சொல்லுங்கள்: எவரெட் என்ற இயற்பியலாளர் 1957இல் சொன்ன பல உலகங்களில், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போய்வர வழி கிடையாது. சினிமாவுக்கோ அந்த வழி இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. ஒரே கதை, ஒரே முடிவு. என்ன பேச்சு தம்பி இது? விக்கிரமசிங்கபுரத்தில் இருந்துகொண்டா இதை எழுதுகிறீர்கள்?

பாபநாசம் மலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர் நீங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக்கு வண்டி வண்டியாகச் சனம் போவது உங்கள் ஊரைத் தாண்டித்தான். சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் அடித்து, அடுப்புக் கூட்டி, குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்கள். நீங்களும் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கையாக வந்த செருப்புகளைப் பார்த்தீர்களா? தடித்த தோலில் தைத்தவை, ஆள் காலுக்கு ஆகாத அளவு பெரியவை. இந்த வருஷம் புதிதாகக் கட்டிய செருப்பு அடுத்த வருஷம் அடி தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும், சாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிவிட்டு வருகிறார் என்பார்கள். எல்லாச் சாமிக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோமே, இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் செருப்பையே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று யாரையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாக விடிய விடியப் பாடும் கதை அது. பிறகு பட்டவராயனாகத் தெய்வமான முத்துப்பட்டன் பிராமணன், ஏழு அண்ணன் தம்பிகளில் இளையவன். தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேர்மேலும் ஆசை வைக்கிறான். பகடை சும்மா பெண் கொடுக்கவில்லை. பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், தோல் வேலை பழகிச் செருப்புத் தைத்துக் கொண்டுவர வேண்டும் என்கிறான். பட்டன் அத்தனையும் செய்கிறான். கல்யாண ராத்திரியிலேயே மாட்டுக் கிடையில் களவு விழுந்த செய்தி வருகிறது. எழுந்து போகிறான், மாடு திருட வந்தவர்களோடு மோதுகிறான், ஒளிந்திருந்த ஒருவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் சிதையில் இறங்குகிறார்கள்.

இதே கதைக்கு இன்னொரு உலகம் உண்டு. அங்கே பொம்மக்காவும் திம்மக்காவும் பகடை பெற்ற பிள்ளைகள் இல்லை. பிராமணக் குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்களைப் பகடை எடுத்து வளர்த்திருக்கிறான். மற்றதெல்லாம் அப்படியே நடக்கும். கை வைத்தது ஒரே ஒரு இடத்தில், ஆனால் அறுத்த பூணூலும் தைத்த செருப்பும் அதோடு ஒன்றுமில்லாமல் போகின்றன. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தவர். அந்தப் பிறப்புக் கதை பிற்பாடு நுழைக்கப்பட்டது, சாதி தாண்டிய கல்யாணத்தைப் பொறுக்க முடியாதவர்கள் பார்த்த வேலை என்று அவர் வாதாடினார். இணை உலகத்தை யார், எதற்காக உண்டாக்குகிறார்கள் என்று கேட்ட ஒருவர் உங்கள் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்.

நான் பாவாடை கட்டிய வயதில், ஆச்சி ஊர்க் கொடையில் இதை நேரிலேயே கண்டேன். சாமக்கொடைக்கு இன்னும் நேரம் கிடந்தது. பொம்பளைகள் பக்கம் ஓலைப்பாயில் ஆச்சி மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். வில்லுப்பாட்டை நடத்தும் அண்ணாவி வில்லில் வீசுகோலைத் தட்டி அந்தப் பிறப்புக் கதையைப் பாடத் தொடங்கினார். பந்தலுக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் செருப்புத் தைப்பவர். பந்தலுக்குள் வந்து உட்கார அவரை விடாத காலம் அது.

"அண்ணாவி, நிப்பாட்டணும்" என்றார்.

குடம் நின்றது. ஜால்ராக்காரர் மட்டும் கவனிக்காமல் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

"அதுக ரெண்டும் எங்க வீட்டுப் பிள்ளைய. பெத்தது ஆருன்னு நீங்க வந்து பாத்தியளா?"

"பொஸ்தகத்துல இப்படித்தாம்யா இருக்கு."

"பொஸ்தகம் எழுதுனவன் செருப்புத் தச்சானா?"

பந்தலுக்குள்ளிருந்து அவரை அதட்டினார்கள். ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். அண்ணாவி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலை எடுத்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய், பகடை பெற்ற மக்களாகவே இரண்டு பேரையும் பாடினார். "இப்பத்தான் கதை நேராச்சு" என்றாள் ஆச்சி. அவள் அந்தப் பெரியவரின் ஆளும் இல்லை, அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தவளும் இல்லை. இருந்தும் கதை எங்கே கோணுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பெரியவர் பிறப்பைத்தான் திருத்தச் சொன்னார். பட்டன் குத்துப்படும் இடம் வந்தபோது, அவன் பிழைத்ததாகப் பாடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, பந்தலுக்குள் இருந்தவர்களும் சொல்லவில்லை. அங்கே அழுதுகொண்டுதான் கேட்டார்கள். பிறப்புக்கு ஆளுக்கொரு பாடம் வைத்திருந்தவர்கள் சாவில் மட்டும் கை வைக்கவில்லை. காரணம் உண்டு. பாட்டு அந்தச் சாவை நெருங்கும்போதுதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்கும், சாமி வரும். பட்டன் சாகாமல் வீடு திரும்பினால் அவன் மாடு மேய்த்துப் பிள்ளை பெற்ற ஒரு மாப்பிள்ளை. அவனுக்கு யாரும் செருப்புத் தைத்துக் கொண்டுபோக மாட்டார்கள். வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் தெய்வமானவர்களின் கதைகளை நம் ஊரில் இப்படித்தான் காப்பாற்றி வந்திருக்கிறோம். சாவைச் சுற்றி எத்தனை உலகங்கள் வேண்டுமானாலும் கட்டலாம், சாவைத் தொட முடியாது.

உங்கள் படங்களோடு எனக்குள்ள வழக்கு இதுதான். அவற்றில் முதலில் தொடப்படுவது சாவு.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. கார்ட்னர் ஃபாக்ஸ் என்பவர் 1940இல் ஃப்ளாஷ் என்ற அதிவேக ஓட்டக்கார சூப்பர்ஹீரோவை, ஜே காரிக் என்ற பெயரில், காமிக்ஸில் எழுதினார். 1949இல் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. 1956இல் பாரி ஆலன் என்று வேறொரு ஃப்ளாஷ் வந்துவிட்டான். 1961இல் அதே ஃபாக்ஸ் ஒரு கதை எழுதினார். பாரி தன் உடம்பை அதிவேகமாக அதிர வைக்கும்போது இன்னொரு பூமிக்குள் போய்விடுகிறான், அங்கே தான் சின்ன வயதில் காமிக்ஸில் படித்த ஜே காரிக் உயிரோடு இருக்கிறான். கைவிடப்பட்ட தன் பிள்ளையை அந்த எழுத்தாளர் தேடிப்போய்ப் பார்த்த மாதிரி எனக்குப் படுகிறது. அந்தக் கதவை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு உலகங்கள் பெருகிக் குழம்பிப்போய், 1985இல் பன்னிரண்டு இதழ்க் கதை ஒன்றில் அத்தனையையும் ஒன்றாக்கினார்கள். அதில் பாரி ஆலன் செத்தான். முதலில் கதவைத் திறந்தவனே அந்த உலகங்களைக் காக்கப் போய் உயிர் விட்டான். அதை அப்படியே விட்டிருந்தால் அவனும் நம் பட்டவராயன் வரிசையில் நிற்கத் தகுந்தவன். 2008இல் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

2019 அவெஞ்சர்ஸ் படத்தில் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் செத்தபோது என் அக்கா மகன் தியேட்டரிலிருந்து கண் சிவந்து வெளியே வந்தான். பஸ்ஸில் வரும்போதும் வாயே திறக்கவில்லை. 2024 ஜூலையில் அதே நடிகரை டாக்டர் டூம் என்ற வில்லனாக மேடையில் நிறுத்தினார்கள். வேறொரு உலகத்து டோனிதான் டூமோ என்று ஊகங்கள் கிளம்பின. இவனும் குதூகலமாக எனக்கு வீடியோ அனுப்பினான். அப்போது நீ அழுத அழுகையை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்டேன். சண்டைக்கு வந்துவிட்டான். நான் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். எந்தக் கம்பெனியிடம் எந்தப் பாத்திரத்தின் உரிமை இருக்கிறது, எந்த நடிகர் திரும்ப வரச் சம்மதித்தார் என்பதெல்லாம் சேர்ந்து ஒரு சாவை அழிக்க முடியும் என்றால், அடுத்த படத்தில் ஒருவன் சாகும்போது அந்தப் பையன் எதை நம்பி அழுவான்? நீங்கள் ஐந்து பேரும் இதைத்தான் பேச வேண்டும். செத்தவன் எப்படித் திரும்பி வரலாம் என்று வழி கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலையை நீங்கள் ஏன் சம்பளமில்லாமல் செய்ய வேண்டும்?

நான் இவ்வளவு சொன்னதை வைத்து, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று யாரிடமும் மார்தட்டப் போகாதீர்கள். அது வேறு வியாதி. ஆனால் அத்யாத்ம ராமாயணத்தில் ஒரு இடத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காட்டுக்கு வராதே என்கிறான் ராமன். எத்தனையோ ராமாயணங்கள் கேட்டாயிற்று, சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போனது எதிலாவது உண்டா என்று சீதை கேட்கிறாள். எல்லா உலகத்திலும் நடந்தது இங்கேயும் நடக்க வேண்டும் என்று மிகேல் சொல்வதும் இதே வாதம்தான். சீதை அதைச் சொல்லித் தன் பங்குத் துன்பத்தைத் தானே எடுத்துக்கொள்கிறாள். மிகேல் அதைச் சொல்லி அடுத்தவன் அப்பாவைச் சாகக் கொடுக்கச் சொல்கிறான். பட்டனும் கல்யாணப் பாயிலிருந்து தானாகத்தான் எழுந்து போனான். அந்த அளவில் மைல்ஸ் ஓடியது சரி, நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். க்வெனின் அப்பா வேலையை விட்டதும் ஒரு விலைதான், அதைப் பொய்க்கணக்கில் எழுதாதீர்கள். அடுத்த பாகத்தில் மைல்ஸின் அப்பா பிழைக்கட்டும். அதற்காக யாரும் எதையும் இழக்கவில்லை என்று முடித்தால், அப்போது உங்கள் ஐந்து பேரோடும் நானே சண்டைக்கு வருவேன்.

பட்டன் கதை பாடுகிற கொடை உங்கள் பக்கம் எங்கே நடக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பாட்டுத் தொடங்கும் முன்பே போய் உட்காருங்கள், நடுவில் எழுந்து வராதீர்கள். அண்ணாவி பொம்மக்காவையும் திம்மக்காவையும் யாருடைய பிள்ளைகளாகப் பாடுகிறார், எந்த இடத்தில் கூட்டம் சலசலக்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சன்மானம் வைக்காமல் வராதீர்கள்.

அன்புடன்,
அக்கா