குனிட்சு-காமி: இருட்டினால் யோஷிரோ சாகிறாள் என்றவருக்கு

தேவகோட்டைத் தம்பி, குனிட்சு-காமி வீடியோ கேமில் பகலில் எல்லாம் சரியாகப் போகிறது, இருட்டியதும் நாலு பக்கமும் ஓடி ஓடி வெட்டியும், நாம் காக்க வேண்டிய பெண் யோஷிரோ செத்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஓட்டம்தான் கோளாறு. கேப்காம் 2024இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் வாள்வீச்சு பாதிதான். மீதி ஆள் நிறுத்துகிற வேலை.

நம்ம செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நேராக உள்ளே போகும் இல்லையா? தோரி என்கிற ஜப்பானியக் கோயில் வாசலில் கிளம்பும் பேய்களும் யோஷிரோவை நோக்கித்தான் வரும். கிராமத்தாரை வேலை கொடுத்து நிறுத்துங்கள்: முகப்பில் மரவெட்டிகள், வளவில் வேகத்தைக் குறைக்கும் துறவி, உள்கட்டில் வில்லாளிகள். பறப்பவற்றை வில்லாளிகளிடம் விட்டுவிடுங்கள். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே மட்டும் நீங்கள் போங்கள்.

அப்புறம், ஆட்டத்தில் நாம் சேர்க்கும் படிகங்களின் கணக்கு. யோஷிரோ நடக்கப் பாதை வெட்டவும் அதுதான், கிராமத்தாருக்கு வேலை கொடுக்கவும் அதுதான். நான் முதல் தடவை மொத்தத்தையும் பாதைக்கே கொட்டிவிட்டு, ராத்திரி வெறுங்கையோடு நின்றேன். காரைக்குடியில் அந்நேரம் பார்த்துக் கரண்ட் வேறு போனது. "இப்பவாவது சாப்பிட வாடா" என்றார் அப்பத்தா, முற்றத்திலிருந்து.

நீங்கள் ஆட்டுவிக்கும் வாள்வீரன் சோ விழுந்துவிட்டால் பதறாதீர்கள். ஆவியாக நின்றும் ஆட்களை நகர்த்தலாம். திறனைக் கூட்டச் செலவழிக்கும் முசுபியைத் தப்பாகச் செலவழித்திருந்தாலும் திரும்ப எடுத்து வேறு வேலைக்குப் போடலாம், நஷ்டமில்லை. நான் வில்லாளிகளுக்குத்தான் முதலில் போட்டேன்.