வைக்கோலை மடக்கி உழுத வயலில் பயிர் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: குறுவை நெல்லை இயந்திரத்தால் அறுத்து, வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழுது, ஆறாம் நாள், குறுவைக்கு அடுத்த போகமான தாளடி நட்டேன். பதினைந்து நாளாகியும் பயிர் தூர் கட்டாமல் மஞ்சளாக நிற்கிறது. வைக்கோலைக் கட்டி விற்ற பக்கத்து வயலோ அதே அடியுரத்தில் கரும்பச்சையாக இருக்கிறது. வைக்கோல் உரமாகும் என்றார்களே?

பதில்: உரமாகும்; ஆனால் ஆறு நாளில் ஆகாது. அடி இலைகள் முதலில் மஞ்சளாகிக் குருத்து பச்சையாக இருந்தால், அது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறையே. நீங்கள் இட்ட தழைச்சத்தில் ஒரு பங்கு இப்போது வைக்கோலை மட்க வைக்கும் நுண்ணுயிர்களின் உடலில் இருக்கிறது.

ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 400 கிலோ கரிமச்சத்தும் (கார்பன்) 6 கிலோ தழைச்சத்தும் உண்டு. நுண்ணுயிர்கள் தின்னும் கரிமத்தில் பெரும்பகுதியை மூச்சாக வெளியேற்றிவிட்டாலும், உடல் வளர்க்க ஏறக்குறைய 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். அந்தக் கணக்கில் 400 கிலோவுக்கு 16 கிலோவுக்கு மேல் தேவை. வைக்கோலில் இருப்பது போக மீதிப் பத்து கிலோவை மண்ணிலிருந்து எடுக்கின்றன. நீர் தேங்கிய வயலில் மட்குவது மெதுவாக நடப்பதால் இந்த இழுப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான். உணவு தீர்ந்து அவை மடியும்போது அதே தழைச்சத்து பயிருக்குத் திரும்பிவிடும்.

யூரியா தூவுவதற்கு முன் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால், காற்றில்லாத சேற்றில் மட்கும் வைக்கோலிலிருந்து உண்டாகும் அமிலங்களும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேரைத் தாக்குகின்றன என்று பொருள். அந்த வேர் எந்த உரத்தையும் எடுக்காது. அப்படியானால் நீரை வடித்து, மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, மெல்லிய நீர் கட்டியபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா இடுங்கள். அதற்குப் பிறகு உடனே வயலைக் காயவிடாதீர்கள். காய்ந்த மண்ணில் நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து, மறுபடி நீர் கட்டும்போது வாயுவாகப் பறந்துவிடும். வயலை மாறி மாறிக் காயவிட்டு நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், ஆனால் யூரியா இட்ட வாரத்தில் வேண்டாம்.

வைக்கோலை எரிக்காதது சரியான முடிவே. எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் போய்விடும். பக்கத்து வயல்காரர் கட்டி விற்றதில் டன்னுக்குப் பதினைந்து கிலோ அளவுக்குச் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) வண்டியேறிவிட்டது. அடுத்த முறை நடவுக்கு மூன்று வாரம் முன்பாவது, ஈரம் இருக்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள்.