பழகிய பறவை வேட்டை நாய் வாங்கும்போது

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அக்டோபரில் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வகைப் பறவையின் வேட்டைக் காலம் தொடங்குமுன், வேட்டைக்குப் பழகிய மூன்று நான்கு வயது நாய் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். குட்டி வளர்க்க நேரமில்லை என்றால் அதுவே சரி.

ஆனால் நன்றாக வேலை செய்யும் நாயை யாரும் சும்மா விற்கமாட்டார்கள். ஏன் விற்கிறார் என்று முதலில் கேளுங்கள். நல்ல காரணமும் இருக்கலாம். வேட்டை நாய்களின் திறனைச் சோதிக்கும் களப்போட்டிகளில், ஆட்கள் குதிரையில் பின்தொடரும் வகைக்கு வெகுதூரம் ஓடித் தேடும் நாய் வேண்டும். கிட்டத்திலேயே தேடும் பாயின்டர், செட்டர் போன்ற வேட்டை இன நாய்களை அங்கே கழித்துவிடுவார்கள். நடந்து வேட்டையாடும் உங்களுக்கு அதுதான் வசதி. எனவே போட்டி நாய்ப் பயிற்சியாளர்களிடம் விசாரியுங்கள்.

வீடியோவை நம்ப வேண்டாம். நேரில் போய், உயிருள்ள பறவையை வைத்து, துப்பாக்கி சுட்டுப் பாருங்கள். வெடிச்சத்தத்துக்கு மிரண்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதைத் திருத்துவது பெரும்பாடு. ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடவே பார்க்கும். அதனால் கூண்டில் வளர்த்த காடையை வைத்து மட்டும் பழகிய நாய் முதலில் திணறத்தான் செய்யும். அப்புறம், இடுப்பு எக்ஸ்ரே, இதயப்புழுச் சோதனை முடிவுகளையும் கேளுங்கள்.

சரிப்படாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்குங்கள். புது ஆளோடு ஒட்ட நாளாகும், ஆகஸ்டுக்குள் வீட்டுக்குக் கொண்டுவரப் பாருங்கள்.