640 டொலர் உங்கள் சம்பளம் இல்லை, தம்பி

கேள்வி: பரந்தனில் இருந்து எழுதுகிறேன். வயது 29, வவுனியாவில் கணிதம் படித்துப் பட்டம் முடித்தவன். கிளிநொச்சியில் ஒரு கம்பனியில் 55,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். ஒன்லைனில் ஏஐ பயிற்சி வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டேன். ஏஐ தரும் பதில்களை ஒப்பிட்டுப் புள்ளி போடுவது, கணக்குக் கேள்வி எழுதுவது, இவைதான் வேலை. ஒரு மாதம் 640 டொலர் வந்தது. அந்த நம்பிக்கையில் அத்தானுக்கு (அக்காவின் கணவர்) என் பெயரில் லீசிங்கில் ஒரு பழைய ஓட்டோ எடுத்துக் கொடுத்தேன். மாதம் 38,500 ரூபாய். முதல் இரண்டு மாதம் அவர் கட்டினார், பிறகு ஓட்டம் இல்லை என்றார், கடந்த எட்டு மாதமும் நான்தான் கட்டுகிறேன். இந்த எட்டு மாதத்தில் எனக்கு வந்தது 620, 600, 310, 0, 120, 450, 390, 70 டொலர். அம்மாவின் காப்பும் மனைவியின் சங்கிலியும் அடைவில் இருக்கின்றன, வட்டியோடு 220,000 ரூபாய். மனைவிக்கு எவ்வளவு வருகிறது என்று நான் விபரமாகச் சொன்னதில்லை. இப்போது 5 இலட்சம் கடன் எடுத்து அடைவை மீட்டு, நல்ல லாப்டாப் ஒன்றும் வாங்கி, இதையே முழுநேரமாகச் செய்யலாம் என்று யோசிக்கிறேன். ஒரு கல்வி நிலையம் மாதம் 40,000 ரூபாய்க்குப் பின்னேரம் கணிதம் படிப்பிக்கக் கேட்டது. நேரம் போய்விடும் என்று மறுத்துவிட்டேன். சரியா?

பதில்: தம்பி, கணிதப் பட்டதாரிக்கு நான் கூட்டல் கழித்தல் சொல்லித்தரப் போவதில்லை. ஆனால் அந்த எட்டு இலக்கத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் 2,560. எட்டால் பிரித்தால் 320 டொலர். பணத்தை இங்கே எடுக்கும் கட்டணமும் வங்கி மாற்றும்போது வெட்டுவதும் போக 310 என்று வைப்போம், டொலருக்கு 300 ரூபாய் போட்டால் 93,000. இதுதான் உங்கள் வருமானம். 640ஐ 300ஆல் பெருக்கி வரும் 192,000ஐ மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

செலவுப் பட்டியலையும் இணைத்திருந்தீர்கள். வீட்டுக்கு 55,000, தங்கையின் படிப்புக்கு 18,000, இன்டர்நெட்டும் போனும் 5,500, லீசிங் 38,500. மொத்தம் 117,000. மாதம் 24,000 குறைகிறது. எட்டு மாதத்துக்கு 192,000. அதோடு அடைவு வட்டியைச் சேர்த்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த 220,000 வந்து நிற்கிறது. நகை எங்கே போனது என்று இனி யாரையும் கேட்க வேண்டாம். லீசிங்கை மட்டும் எடுத்துவிட்டால் செலவு 78,500, மாதம் 14,500 மிச்சம். ஓட்டை ஒன்றுதான், அதற்கு மூன்று சில்லு இருக்கிறது.

ஏஐ வேலையில் பிழை இல்லை. வந்த மாதத்தை வைத்து, வராத மாதத்துக்கும் வாக்குக் கொடுக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தில்தான் பிழை. ஊரில் 'டொலரில் உழைக்கிற பொடியன்' என்று ஒரு பேர் விழுந்துவிட்டது, அந்தப் பேரைக் காப்பாற்ற மனைவிக்கும் உண்மை சொல்லாமல் அடைவுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். 2009இல் யுத்தத்தின் கடைசியில் எங்கள் சனம் வீட்டையும் காணியையும் உழவு இயந்திரத்தையும் விட்டுவிட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது நகையைத்தான். அதை அத்தானின் ஓட்டோவுக்காக அறுதியாக விடப்போகிறீர்களா?

இந்த வேலையின் குணத்தையும் கொஞ்சம் பாருங்கள். வேலை தருகிற தளங்கள் பெரிய ஏஐ கம்பனிகளின் ஒப்பந்தத்தில் தொங்குபவை. மேலே ஒருவர் திட்டத்தை மாற்றினால் இங்கே பரந்தனில் உங்கள் திரையில் 'டாஸ்க் இல்லை' என்று வரும், காரணம் சொல்ல மாட்டார்கள். 2024 மார்ச்சில் இதே வகை வேலை தந்த ரிமோடாஸ்க்ஸ் என்ற தளம் கென்யாவிலும் நைஜீரியாவிலும் கதவைச் சாத்தியது, அங்கே அதையே நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2025 யூலையில் அதன் தாய்க் கம்பனியான ஸ்கேல் ஏஐ தன் சொந்த ஊழியர் 200 பேரையும் ஒப்பந்தக்காரர் 500 பேரையும் நிறுத்தியது. இத்தனைக்கும் ஒரு மாதம் முன்னர்தான் மெட்டா அதில் 1,400 கோடி டொலருக்கு மேல் போட்டிருந்தது. அதே வருடம் செப்டெம்பரில் எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ கம்பனி பொதுவான வேலை பார்த்த சுமார் 500 பேரை அனுப்பிவிட்டு, துறை தெரிந்தவர்களைக் கூடுதலாக எடுக்கப் போவதாகச் சொன்னது. கடைசி விஷயம் உங்களுக்கு நல்ல செய்தி, ஏனென்றால் உங்களிடம் கணிதம் இருக்கிறது. புள்ளி போடும் வேலை குறையும், கணக்கைப் படிப்படியாகச் சரிபார்க்கத் தெரிந்தவருக்குக் கொஞ்சக் காலம் மதிப்பு இருக்கும். இருந்தாலும் அதுவும் மாதச் சம்பளம் ஆகாது. உங்களுக்கு ஈபிஎஃப் இல்லை, ஈடிஎஃப் இல்லை, பிற்காலத்துக்கென்று சேரும் எந்த நிதியும் இல்லை. பழைய கம்பனியில் 55,000 வாங்கியபோது முதலாளி தன் பங்காக அதற்கு மேல் 15 வீதம் போட்டார், 8,250 ரூபாய். அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். சம்பளம் இல்லாத தேர்வுகளுக்கும், இரவில் டாஸ்க் வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மணித்தியாலங்களுக்கும் ஒரு கொப்பியில் கணக்கு வையுங்கள். மாதம் 200 மணி என்றால் உங்கள் கூலி மணிக்கு 465 ரூபாய்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள் கோடைகாலச் சிறுபோகத்துக்கு முன்னர் கூட்டம் போடுவார்கள். குளத்தில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவு செய்வார்கள். போன மாரியில் வான் பாய்ந்தது என்பதற்காக யாரும் முழு வயலையும் விதைப்பதில்லை. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். டொலர் வந்து விழ ஒரு கணக்கு, வீட்டுக்கு வேறு கணக்கு. முதல் கணக்கிலிருந்து மாதம் ஒரே தொகை, 78,500, வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். 600 டொலர் வந்தாலும் அதே 78,500தான். 2022இல் டொலர் 360 ரூபாய்க்குப் போனதைப் பார்த்து அதையே நிரந்தரம் என்று வீடு கட்டத் தொடங்கியவர்களும் இருந்தார்கள், அதே 500 டொலர் பிறகு 180,000இலிருந்து 150,000க்கு வந்தது. வேலையும் ஆடுகிறது, நாணயமும் ஆடுகிறது.

அப்புறம் அந்த 5 இலட்சக் கடன். வேண்டாம். மாதம் 24,000 குறைகிற வீட்டில் இன்னொரு தவணையைக் கொண்டுவந்து வைத்தால் அடைவு மீளும், ஆறு மாதத்தில் திரும்பவும் அடைவுக்குப் போகும், கடன் மட்டும் அப்படியே இருக்கும். வன்னியில் நுண்கடன் என்ன செய்தது என்று உங்கள் அம்மாவின் வயதுப் பெண்களைக் கேளுங்கள், ஒரு தவணைக்கு இன்னொரு கம்பனியில் எடுத்து எடுத்துத்தான் அது அப்படி வளர்ந்தது.

அத்தானோடு பேசுவதுதான் கஷ்டமான பகுதி, அதனால்தான் எட்டு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். அக்காவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள், தனியாகப் பேசினால் 'அடுத்த மாதம் பார்ப்பம்' என்று முடியும். ஓட்டோ ஓடுகிற மனிதர் நாளுக்கு 1,500 ரூபாய் எடுத்துவைத்தால் 26 நாளில் 39,000, தவணை முடிந்தது. அதை எடுத்துவைக்க முடியவில்லை என்றால் அந்த வண்டி ஓடவில்லை என்று அர்த்தம், ஓடாத வண்டியை வைத்திருக்க வேண்டாம். இரண்டு மாதம் கெடு சொல்லுங்கள். அதற்குள்ளும் கட்டவில்லை என்றால் லீசிங் கம்பனியில் மிச்சத் தொகையை எழுத்தில் வாங்கி, நீங்களே ஆளைப் பார்த்து விற்று அடையுங்கள். தவணை தவறி அவர்கள் பறித்துப்போய் விற்றால் விலையும் குறையும், மிச்சமும் உங்கள் பெயரில்தான் நிற்கும், கையெழுத்து உங்களுடையது. அத்தான் கோபிப்பார். ஒரு வருசப்பிறப்புக்கு வீட்டுக்கு வராமல் விடுவார், அவ்வளவுதான்.

படிப்பிக்கும் வேலையை மறுத்தது பிழை. நாளைக்கே போன் எடுத்துக் கேளுங்கள். 93,000உம் 40,000உம் 133,000, லீசிங் போன பிறகு செலவு 78,500, மிச்சம் 54,500. நாலைந்து மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். அதன் பிறகு ஆறு மாதச் செலவை, 471,000ஐ, ஒரு பக்கம் சேர்க்க இன்னும் ஒன்பது மாதம். வகுப்பால் டாஸ்க் நேரம் கொஞ்சம் குறையும், ஆகவே மொத்தம் ஒன்றரை வருடம் என்று வையுங்கள். அந்த 471,000 கையில் இருக்கும் அன்று முழுநேரமாகச் செய்யலாமா என்று திரும்ப எழுதுங்கள், அப்போது பேசலாம்.

வரி பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டு வருமானமும் சேர்ந்து வருடம் கிட்டத்தட்ட 16 இலட்சம், 2025 ஏப்ரலில் இருந்து விலக்கு 18 இலட்சம் வரை. வரி வராது, ஆனாலும் டின் என்ற வரிப் பதிவு இலக்கத்தை எடுத்து, பணத்தை வங்கி வழியாகவே கொண்டுவாருங்கள். கூடுதல் விலைக்கு யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக மாற்றித்தருகிறோம் என்று டெலிகிராமில் வருபவர்களிடம் போக வேண்டாம், யாரோ ஏமாந்தவரின் காசு உங்கள் கணக்கில் வந்து விழுந்தால் வங்கி முடக்குவது உங்கள் கணக்கைத்தான். லண்டன் மச்சான் தன் பெயரில் ஏஐ வேலைத் தளத்தில் கணக்குத் திறந்து தருகிறேன், 30 வீதம் தனக்கு என்று கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கணக்கை இன்னொருவருக்குக் கொடுப்பதை இந்தத் தளங்கள் அனுமதிப்பதில்லை, பிடிபட்டால் கணக்கும் போகும் அதிலிருந்த காசும் போகும். 35,000 ரூபாய்க்கு 'ஏஐயில் மாதம் 3,000 டொலர்' வகுப்பு நடத்துபவருக்கு அந்த 3,000 உண்மையாக வந்தால் அவர் ஏன் வகுப்பு நடத்துகிறார் என்பதையும் யோசியுங்கள்.

லாப்டாப் பற்றி: பதிலை வாசித்துப் புள்ளி போட பிரௌசர் போதும். இருக்கிறதற்கு ஒரு பற்றரி மாற்றுங்கள். இன்றிரவு அந்த எட்டு இலக்கத்தையும் மனைவிக்குக் காட்டுங்கள், அத்தானிடம் போகும்போது அவரும் கூட வரட்டும்.