மடையான் பிடிக்கும் ரீல்ஸ்: விட்டுவிட்டால் குற்றமில்லையா?

கேள்வி: எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். தம்பிக்கு 22 வயது. ராத்திரியில் சிநேகிதர்களோடு ஏரிப் பக்கம் போய் மடையான் (குளத்துக் கொக்கு), உடும்பு பிடித்து ரீல்ஸ் போடுகிறான். "நாங்க சாப்பிடல, வீடியோ எடுத்துட்டு விட்டுடறோம். அமெரிக்காவுல எல்லாரும் போடறாங்களே" என்கிறான். சிக்கல் வருமா? வீடியோவை அழித்துவிட்டால் போதுமா?

பதில்: வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயல்வதுகூட வேட்டைதான். பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அதில் சேர்த்தி. ஆக, 'விட்டுவிட்டோம்' என்பது பதிலாகாது. மடையானுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். உடும்போ, சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு, 7 வரை போகும். வீடியோ எடுத்துக் கொடுக்கும் சிநேகிதனும் உடந்தை என்று மாட்டலாம். பைக்கைப் பறிமுதல் செய்யவும் இடமுண்டு.

அமெரிக்கக் கதை வேறு. அங்கே வேட்டைக்கு லைசென்ஸ், பருவம், இத்தனைதான் பிடிக்கலாம் என்ற கணக்கு எல்லாம் உண்டு. அங்கேயும் பழைய வேட்டைக்காரர்கள் புலம்பத்தான் செய்கிறார்கள். ஒருவன் இடம் தெரிகிற மாதிரி படம் போட்டால் போதும், அடுத்த வாரம் அங்கே கூட்டம் கூடிவிடுகிறதாம்.

நம்மூரில் கண்ணி வைத்த பெரியவர்கள் எந்த வரப்பில் வைத்தோம் என்று மச்சானிடம்கூடச் சொல்லமாட்டார்கள். (அவர்கள் செய்ததும் சட்டப்படி தப்புதான்.) ஆனால் குழம்புக்கு நாலு கிடைத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். லைக்குக்கு அப்படி வயிறு நிறைகிற அளவு கிடையாது. போன வாரம் மடையான் என்றால் இந்த வாரம் உடும்பு, அடுத்து இன்னும் பெரிதாக ஒன்று. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் இறக்கையைப் பிடித்து விரித்துக் காட்டுவார்கள். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாக இருந்த பறவை வெள்ளைவெளேரென்று விரியும். பின்னாலேயே மதகு, பைக் நம்பர், நாலு பேர் முகம். வனத்துறைக்கு வேறென்ன வேண்டும்?

அழிக்கும் விஷயம்: உங்கள் தம்பி நீக்கினாலும், முன்பே யாராவது சேமித்து வைத்திருப்பார்கள். விசாரணை தொடங்கியிருந்தால் போனில் எதையும் தொடவே வேண்டாம், சாட்சியத்தை அழித்ததாகத் தனி வழக்கு வரும். முதலில் வக்கீலைப் பாருங்கள். வசதியில்லை என்றால் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தகுதி இருந்தால் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

பிடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பறவை எங்கே அடையும் என்று தெரிந்த பையன், பெருமாள் ஏரிக் கரையில் விடிகாலை நின்றே நல்ல வீடியோ எடுக்கலாம். கூட்டுப் பக்கம் மட்டும் போகக்கூடாது. எந்த மரம் என்றும் போடவேண்டாம்.