குற்றவாளி என்று சொன்னது யார்?

கேள்வி: அர்னால்டு நடித்த 'தி ரன்னிங் மேன்' படத்தில் கொடிய குற்றவாளிகளைத்தானே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேட்டையாடப்படுவதற்கு இறக்கிவிடுகிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே அவர்களும் வருகிறார்கள்? நம் பக்கத்து எருது விடும் விழாவிலும் உயிர் போகிறதே, படத்தில் வரும் ஆட்டத்தை மட்டும் ஏன் கொடூரம் என்கிறார்கள்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: குற்றவாளி என்று உங்களுக்குச் சொன்னது யார்? 1987இல் வெளிவந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே, உணவு கேட்டுத் திரண்ட வெறுங்கை மக்களைச் சுடும்படி வந்த உத்தரவை ஹெலிகாப்டரில் இருக்கும் பென் ரிச்சர்ட்ஸ் (அர்னால்டு நடித்த பாத்திரம்) மறுக்கிறான். உடனிருந்தவர்கள் அவனை அடித்து வீழ்த்திவிட்டுச் சுடுகிறார்கள். பிறகு அதே பதிவை வெட்டி ஒட்டி, மேலிடம் தடுத்தும் கேளாமல் சுட்டவன் அவன்தான் என்று தொலைக்காட்சி காட்டுகிறது. நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் 'கொடிய குற்றவாளி' என்று நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால், அந்தத் தொலைக்காட்சியின் கைவரிசை உங்களிடமும் பலித்திருக்கிறது. (நிகழ்ச்சி நடத்துநர் கில்லியனாக நடித்த ரிச்சர்ட் டாசன், அமெரிக்காவில் உண்மையாகவே குடும்பப் போட்டி நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அந்தச் சிரிப்பு அவருக்குப் பழக்கமானதுதான்.)

கையெழுத்துக்கு வருவோம். நீ களமிறங்காவிட்டால் உன்னோடு சிறை முகாமிலிருந்து தப்பிய இருவரை இறக்குவேன் என்று மிரட்டித்தான் அதை வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அந்த இருவரையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். வென்று விடுதலையாகிச் சுகமாக வாழ்வதாகத் திரையில் காட்டப்பட்ட பழைய போட்டியாளர்களோ களத்துக்குள்ளேயே பிணமாகக் கிடக்கிறார்கள். இதற்குச் சம்மதம் என்று பெயரா? உண்மையாகவே குற்றம் செய்தவனாக இருந்தாலும், சிறைக்குள் போனதால் ஒருவன் தன் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 1978இல் சுனில் பத்ரா வழக்கிலேயே சொல்லிவிட்டது.

எருது விடும் விழாவில், கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறிக்க முண்டியடிக்கும் இளைஞனை யாரும் விலங்கு பூட்டிக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. வேண்டாமென்றால் அவன் திண்ணையேறி நின்றுகொள்ளலாம். அங்கே உயிர் போனால் அது விபத்து, அதைத் தவிர்க்கத்தான் தடுப்புக் கட்டைகளும் மருத்துவக் குழுவும் வேண்டும் என்கிறோம். கில்லியனின் களத்தில் உயிர் போகாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை. தடுப்பு ஒழுங்காகக் கட்டாமல் எருது விடுகிறவர்களை நீங்கள் தட்டிக் கேட்டால் நானும் உடன் நிற்பேன். அதை விட்டுவிட்டுக் கில்லியனுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.