ரிலே மியூட்டில் ‘டப்’ சத்தம் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): எட்டு சேனல் மிக்ஸர் ஒன்றைச் சொந்தமாகக் கட்டுகிறேன். சேனலின் ஒலியை நிறுத்த (மியூட்) சேனலுக்கு ஒரு 12 வோல்ட் சிக்னல் ரிலே (மின்காந்த சுவிட்ச்). மியூட் பட்டன் சிடி4013 (ஒவ்வொரு அழுத்துக்கும் நிலை மாறும் ஃபிளிப்-ஃப்ளாப் ஐசி) வழியாக அதை இயக்குகிறது. அழுத்தினால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கிறது. சில நேரம் ஒரே அழுத்தில் இரண்டு முறை மாறிவிடுகிறது. என்ன கோளாறு?

பதில்: ஒன்றல்ல, இரண்டு. முதலில் ‘டப்’. காண்டாக்டுக்கு வரும் ஆடியோ வயரைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். சத்தம் நின்றுவிட்டால் காண்டாக்டில் டிசி நிற்கிறது. சேனல் அவுட்புட்டுக்கும் காண்டாக்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, அதன் காண்டாக்ட் பக்கத்துக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கே (கிலோஓம்) ரெசிஸ்டர் கொடுங்கள். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் கெப்பாசிட்டரின் கசிவு அங்கே சார்ஜாகச் சேர்ந்து மறுபடியும் அடிக்கும்.

வயரைக் கழற்றியும் சத்தம் வருகிறதா? அப்படியானால் ரிலேயின் காயிலில் (கம்பிச்சுருளில்) ஓடும் கரண்ட் ஆடியோ கிரவுண்டு வழியே திரும்புகிறது. 12 மில்லிஆம்பியர் ரிலே ஒன்று, 0.1 ஓம் உள்ள பொது வயரில் 1.2 மில்லிவோல்ட் தாவலைக் கிளப்பும். மைக் சிக்னலே சில மில்லிவோல்ட்தான்! ரிலேக்கும் லாஜிக்குக்கும் தனிக் கிரவுண்டு வயர் இழுத்து, பவர் சப்ளையில் ஒரே இடத்தில் மட்டும் ஆடியோ கிரவுண்டோடு சேருங்கள். தடித்த வயர் போட்டுச் சமாளிப்பது அரைகுறை வேலை.

காண்டாக்டில் காமன் முனை மிக்ஸ் பஸ் (எல்லா சேனலும் கலக்கும் பொது வயர்) ரெசிஸ்டருக்கும், என்.ஓ. (கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் முனை) சேனலுக்கும், என்.சி. (அப்போது மூடியிருக்கும் முனை) ஆடியோ கிரவுண்டுக்கும் போகட்டும். ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது சேனல் தானாகவே மியூட்டில் இருக்கும்.

இரட்டை மாற்றத்துக்குக் காரணம் பட்டனின் துள்ளல்: ஒரே அழுத்தில் உள்ளே பலமுறை தொட்டு விலகுகிறது. வெறும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் போதாது. மெதுவாக ஏறும் கிளாக்கில் 4013 இன்னும் குழம்பும். 12 வோல்ட்டிலிருந்து 100 கே, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். பட்டன் 1 கே வழியாக அதே முனையைக் கிரவுண்டு செய்யட்டும். அங்கிருந்து சிடி40106 (ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர் ஐசி)-இன் ஒரு கேட் வழியாக 4013-இன் கிளாக்குக்கு. 4013-இல் டி இன்புட்டும் க்யூ-பாரும் (க்யூ அவுட்புட்டின் தலைகீழ்) சேரவேண்டும். அதன் 6, 8 பின்கள் கிரவுண்டுக்கு. 4, 10 பின்களைச் சேர்த்து 12 வோல்ட்டுக்கு 100 நானோஃபாரட்டும் கிரவுண்டுக்கு 100 கே-யும் கொடுத்தால், சுவிட்ச் போட்டதும் எல்லா சேனலும் மியூட்டில் தொடங்கும்.

லாஜிக் 12 வோல்ட்டில் ஓடுவதால், ரிலேக்களை இயக்கும் டிரைவர் ஐசியாக யுஎல்என்2804 வாங்குங்கள். கடையில் 2803-தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு இன்புட்டிலும் 8.2 கே சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது டிரைவரின் 10-ஆம் பின்னை: அது ரிலேயின் 12 வோல்ட்டுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் உள்ளேயுள்ள டையோடுகள் வேலை செய்யாமல், காயில் அணையும்போது எழும் எதிர் வோல்டேஜ் ஐசியைத் தின்றுவிடும்.

கேள்வி (குளச்சல்): கடலோரத்திலுள்ள எங்கள் சர்ச் மிக்ஸரில் சில சேனல்கள் திடீரென்று மங்குகின்றன. ரிலேயைத் தட்டினால் சரியாகிறது.

பதில்: மேலே 10 ஆம்பியர் என்று எழுதிய நீலப்பெட்டி ரிலேதானே? அது மோட்டார், விளக்குக்கு. அதன் வெள்ளிக் காண்டாக்டில் படியும் படலத்தை உடைக்கக் கணிசமான கரண்ட் வேண்டும். ஆடியோவில் அது கிடையாது. உப்புக்காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தங்கப்பூச்சுள்ள, முழுக்க சீல் செய்த சிக்னல் ரிலேக்கு மாறுங்கள். பானாசோனிக் டிக்யூ2 போன்றவை 10 மில்லிவோல்ட், 10 மைக்ரோஆம்பியர் அளவிலும் நம்பகமாக இணைக்கும். விளக்கு எரியவைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள், பூச்சு போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): எந்த சேனலில் பிஎஃப்எல் (ஃபேடருக்கு முன்பே அந்த சேனலைக் கேட்கும் பட்டன்) அழுத்தினாலும் ஹெட்ஃபோன் தானாக அதற்கு மாற வழி உண்டா?

பதில்: உண்டு. ஒவ்வொரு பிஎஃப்எல் 4013-இன் க்யூ-விலிருந்தும் ஒரு 1என்4148 டையோடு. கேத்தோடுகள் (டையோடில் கோடு போட்ட முனைகள்) எல்லாம் ஒரே வயரில். அந்த வயரிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே, பிறகு டிரைவரின் ஒரு இன்புட். டையோடு இல்லாமல் நேராகச் சேர்த்தால் ‘ஹை’யும் ‘லோ’வும் மோதி ஐசி சூடாகும். ஹெட்ஃபோன் ரிலே டபுள் போல் (இரண்டு தனித்தனி காண்டாக்ட் தொகுதி) உள்ளதாக இருக்கட்டும், இடது வலதுக்கு ஒவ்வொன்று: என்.சி.யில் மெயின் மிக்ஸ், என்.ஓ.வில் பிஎஃப்எல் பஸ்.